எலிக்கு விஷம் வேண்டாம், வழியை அடைப்போம்

எலித் தொல்லை என்றதும் நம்மில் பலர் முதலில் வாங்குவது எலி பேஸ்ட்டைத்தான். அதைத் தின்பண்டத்தில் தடவி மூலையில் வைக்கிறோம். அதே வீட்டில்தான் நம் பிள்ளைகளும் தவழ்கின்றன. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டுக்கு முறிமருந்து கிடையாது. உட்கொண்டவர் ஓரிரு நாள் தெளிவாக இருப்பதுபோல் தோன்றி, பிறகு கல்லீரல் செயலிழக்கலாம். வாயில் பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே, அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விஷத்தால் ஒரு எலி செத்தாலும், வழி திறந்திருந்தால் அடுத்தது வரும். பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். குழாய் சுவருக்குள் போகும் இடம், சமையல் மேடையின் அடி, கதவின் கீழ் இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். துணியையும் காகிதத்தையும் எலி கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். சாக்கடை வாய்க்கு இரும்புச் சல்லடையும் கதவடிக்குத் தகடும் பொருத்துங்கள். உள்ளே தங்கிவிட்ட எலியைப் பொறி வைத்துப் பிடிக்கலாம்.

அரிசியை மூடியுள்ள டின்னில் வையுங்கள். இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும், எலியால் வீடு தீப்பற்றாதிருக்க விளக்கை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள்.

எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். எனவே புழுக்கையை உலர்ந்தபடியே பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, கையுறையுடன் துடைத்தெடுங்கள்.

வரிசை வீடுகளில் ஒரு வீட்டை மட்டும் அடைத்தால் எலி அடுத்த வீட்டுக்குத்தான் போகும். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டே இந்த வேலையைத் தொடங்குவோம்.