பட்டமா, டிப்ளோமாவா?

சம்பூரில் 2006இல் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் 2015க்குப் பின்னரே தம் காணியை மீண்டும் கண்டன. காணி கைவிட்டுப் போன காலத்திலும் கற்ற தொழில் கூடவே வரும். தொக்கணம், ஒற்றடம், எண்ணெய்ச் சிகிச்சை ஆகியனவும் அத்தகைய தொழில்களே. இவற்றை எங்கே, எவ்வாறு கற்பது?

பட்டம்: கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. படிப்பு 5 ஆண்டுகள். பின்னர் 1 ஆண்டு உள்ளகப் பயிற்சி. உயர்தர உயிரியற் பிரிவில் போதிய இசட் புள்ளி வேண்டும். கற்கைக் கட்டணம் இல்லை. முடித்தவர் பதிவுபெற்று வைத்தியராகலாம்.

டிப்ளோமா: தேசிய தொழிற் தகைமையில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். உழைத்துக்கொண்டே படிப்படியாக ஏறலாம். ஆனால், இச்சான்றிதழ் ஒருவரை வைத்தியராக்காது. எலும்பு முறிவு, காய்ச்சலுடன் வீக்கம் என்றால் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே முறை.

எச்சரிக்கை: தனியார் நிறுவனத்துக்குப் பணம் கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? அந்தப் பாடநெறிக்கும் தரச்சான்று உண்டா? நிறுவனம் பதிவாகியிருப்பதால் மட்டும் பாடநெறி தரமானதாகிவிடாது. பதில் கிடைக்குமுன் நகையையோ காணி உறுதியையோ ஈடு வைக்காதீர்கள்.

கலந்துரையாட:
1. பிள்ளை 6 ஆண்டுகள் உழையாதிருக்க வீடு தாங்குமா?
2. பிள்ளையின் விருப்பத்தை யார் கேட்டோம்?
3. பெண்பிள்ளை வேலைக்குப் போகும் இடம் பாதுகாப்பானதா?