மண்சுவரும் அயற்செடியும்

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், தாம்பரத்திற்குத் தெற்கே உள்ள ஊர் பொத்தேரி. ஏரி என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கி நிற்பது அவ்வூர். அப்பக்கத்து ஏரிகளிலும் தரிசுகளிலும் மண்டுகின்ற சீமைக் கருவேலம், ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகிய மூன்றும் நம் நாட்டுச் செடிகள் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. விறகுக்கென்றும் பூவின் அழகுக்கென்றும் வரவேற்கப்பட்டவை, பின்னர் நீரையும் நிலத்தையும் கவர்ந்துகொண்டன.

இவற்றை வெட்டி எறியலாமே எனின், வெட்டுங் கூலிக்கு வழி என்ன? மண்வீடு கட்டும் கலை இதற்கு ஒருவாறு விடை தருகின்றது. நம் முன்னோர், நட்ட கால்களின் குறுக்கே வரிச்சுகளைப் பின்னி, இருபுறமும் குழைத்த மண்ணை அப்பிச் சுவர் எழுப்பினர். மண், மேலிருந்து அழுத்தும் சுமையைத் தாங்கும், வளைத்தால் முறியும். அக்குறையை வரிச்சு தீர்க்கும். காயுங்கால் களிமண் சுருங்கி வெடிக்காவண்ணம் வைக்கோல் கலப்பர்.

சீமைக் கருவேலத்தின் வயிரம் பாய்ந்த மரம் கால்களுக்கு ஏற்றது. அதன் இளங்கொம்புகள் வரிச்சாகும். ஆகாயத்தாமரைத் தண்டை நன்கு உலர்த்தி நறுக்கினால் வைக்கோலுக்கு ஈடாகும். காட்டாமணக்கோ உள்ளீடற்ற தண்டுடையது. படலுக்கும் தட்டிக்குமே அது பயன்படும். அதனையும் உலர்த்தாமல் கையாளலாகாது. பச்சைத் தண்டு ஈரமண்ணிற் பட்டால் வேர்விடுமாதலின், சுவரே தளிர்த்து நிற்கக் காணலாம்!

கூடலூர்க் காட்டுப் பழங்குடியினர் உண்ணிச்செடி என்னும் மற்றோர் அயற்செடியின் தண்டுகளை வளைத்து யானை உருவங்கள் செய்தனர். அவை 2021ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரப் பூங்காக்களில் நிறுத்தப்பெற்றன. களையெனக் கழித்தது கடல் கடந்து சென்றது.

ஆயினும் ஓர் இடர் உண்டு. இராமநாதபுரப் பகுதியில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி சுடுதல் பல குடும்பங்களின் பிழைப்பாயிற்று. மரம் ஒழிந்தால் அத்தொழிலும் ஒழியும். ஆகவே, ஒழிக்க வேண்டிய மரமே வேண்டப்படும் மரமாயிற்று. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அயற்செடிகளை அகற்றுதற்கு ஒரு கொள்கை வகுத்தது. வீடு கட்டுவோரும் அந்நோக்கத்திற்கு மாறாக, வேண்டுமென்றே களையை வளர்க்கத் தலைப்பட்டால் ஏரிகளின் நிலை என்னாகும்?

ஆதலின் வெட்டுவோர் வேரோடு பெயர்த்தல் வேண்டும். அடிக்கட்டையை விட்டுச் சென்றால் அடுத்த மழையில் அது பல கிளைகளாய்த் துளிர்க்கும். பெயர்த்த குழியில் பூவரசோ புங்கோ நடுவது நன்று. பூவரச மரம் முற்றிய பின்னர் அடுத்த வீட்டிற்கு வேண்டும் காலும் கிடைக்கும்.