மரை பிடித்தால் போதுமா?

வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த டிராக்டர் ஓட்டுநர் அவர். கள்ளக்குறிச்சியில் ஹோஸ் பிரஸ்ஸிங் செய்யும் கடைக்கு வந்து, உரச் சாக்கில் சுற்றியிருந்த ஸ்டீயரிங் ஹோஸை மேசைமேல் போட்டார். அதன் முனை முழுக்க எண்ணெயில் ஊறிய வெள்ளை டெஃப்ளான் டேப். "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே. மரையெல்லாம் நல்லாத்தான் புடிக்குது, ஆனா ஒழுகுது."

"எதுல மாட்டுவியோ அந்த நிப்பிள் எங்க?" என்றார் கடைக்காரர். அது சட்டைப் பையில் இருந்தது. டேப்பைப் பிளேடால் சுரண்டிவிட்டு நிப்பிளுக்கு வெர்னியர் வைத்தார்: 14 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, மரை இடைவெளி 1.5. ஹோஸ் நட்டு வேறு சாதி. 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. மில்லிமீட்டரில் சொன்னால் 14.29, இடைவெளி 1.41. கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். அதனால்தான் வெறுங்கையால் சுற்றினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. உண்மையில் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது இரண்டு மூன்று மரை விளிம்புகள்தான்.

கல்வராயன் மலைப் பாதையில் ஓடும் வண்டிக்காரர்களிடம் நான் கேட்கும் நம்பிக்கைகளில் முதலாவது இதுதான்: மரை பிடித்துவிட்டால் பிட்டிங் சரி. மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது. எண்ணெயை அடைப்பது உள்ளே இருக்கும் கூம்பு, இல்லாவிட்டால் ஓ-ரிங், இல்லாவிட்டால் காப்பர் வாஷர். கூம்பிலும் பல கோணங்கள். ஜேஐசி பிட்டிங்கில் 37 பாகை, எஸ்ஏஇ ஃப்ளேரில் 45. அரை அங்குலக் குழாய்க்கு இரண்டிலும் மரை ஒன்றேதான்: 3/4 அங்குலம், 16 மரை. மாற்றிப் போட்டாலும் கடைசிவரை அழகாக இறுகும். ஆனால் கூம்பும் கூம்பும் முழுப் பரப்பில் உட்காராமல் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கடை வாசலில் ஒழுகாது. கரியாலூர் வளைவுகளில் ஒழுகும்.

பெயரை நம்பியும் அளக்கக் கூடாது. "3/8 பிஎஸ்பி" என்ற நிப்பிளின் வெளிவிட்டம் 16.66 மில்லிமீட்டர். 3/8 அங்குலம் என்பதோ 9.5 மில்லிமீட்டர். அந்தக் காலத்துக் குழாயின் உள்துளையை வைத்து இட்ட பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்திலேயே 16 மில்லிமீட்டர் மெட்ரிக் நிப்பிள் ஒன்று நிற்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வெர்னியரும் பிட்ச் கேஜும் இல்லாத கடையில் ஸ்டீயரிங் ஹோஸ் வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

அடுத்தது டேப். தண்ணீர்க் குழாயில் பழகிய கை இங்கேயும் அதையே தேடுகிறது. தண்ணீர்க் குழாயில் மரைதான் அடைப்பு, அதனால் அங்கே டேப்புக்கு வேலை உண்டு. கூம்பிலோ ஓ-ரிங்கிலோ அடைக்கும் பிட்டிங்கில் மரைக்கு டேப் சுற்றுவது, ஓட்டை வாளிக்குக் கைப்பிடியில் துணி சுற்றுவது போல. அதோடு விட்டாலும் பரவாயில்லை. இறுக்கும்போது நறுக்கப்படும் டேப் நூல்கள் எண்ணெயோடு போய் ஸ்டீயரிங் வால்வுக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு, ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கல் மாதிரியும் திரும்புகிறது என்று வேறு வியாதிக்கு வைத்தியம் தேடி அலைய வேண்டியதுதான்.

இறுக்க இறுக்க ஒழுகல் நிற்கும் என்பதும் இதே வகைதான். கையால் இறுகிய இடத்திலிருந்து நட்டின் ஆறு முகங்களில் ஒன்றோ இரண்டோ நகர்ந்தால் ஜேஐசி பிட்டிங்கிற்குப் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் நீளக் குழாய் மாட்டி இழுத்தால் கூம்பு நசுங்கும், நட்டு விரியும். இன்னொரு ஸ்பேனரால் எதிர்ப்பக்கம் பிடிக்காவிட்டால் ஹோஸும் சேர்ந்து முறுகும். முறுகியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஹோஸ்மீது நீளவாக்கில் அச்சடித்த வரி நேராக ஓட வேண்டும். பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு போனால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

ஜீப்பை உயர்த்தி, பெரிய டயர் போட்டு மலையேறும் இளைஞர்களுக்கென்று தனி நம்பிக்கை ஒன்று இருக்கிறது: சிவப்பும் நீலமுமாய் மின்னும் ஏஎன் பிட்டிங். "விமானத்துல போடறதுண்ணே." ஏஎன் என்பது அமெரிக்காவின் ஆர்மி, நேவி என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்து. விமானத்துக்காக வந்த அளவு முறை என்பதும் உண்மை. ஆனால் நிறம் பூசிய அந்த அலுமினியத் துண்டுகளில் பெரும்பாலானவை பெட்ரோல், கூலன்ட் மாதிரியான குறைந்த அழுத்த வேலைக்கு விற்கப்படுபவை. ஸ்டீயரிங் பம்பிலிருந்து வரும் அழுத்தக் குழாயில் எனக்குத் துருப்பிடிக்காத முலாம் பூசிய சாதாரண இரும்பு ஜேஐசியே போதும். கோணம் இரண்டுக்கும் அதே 37 பாகைதான், விலையும் குறைவு.

ஹோஸ் விஷயத்தில், தடித்ததே நல்லது என்கிறார்கள். அதில் அச்சடித்திருப்பதைப் படித்தால் பாதி சந்தேகம் தீரும். 3/8 அங்குல ஹோஸில் ஒற்றைக் கம்பிவலைக்கு 180 பார், இரட்டைக் கம்பிவலைக்கு 330 பார் என்று ஐரோப்பியத் தரம் சொல்கிறது. டிராக்டர் ஸ்டீயரிங்கின் அழுத்தம் சாதாரணமாக 100 முதல் 150 பாருக்குள் நிற்கும். இரட்டை வலை போடுவது தப்பில்லை. ஆனால் 330 பார் ஹோஸின் முனையில் 100 பார் பிட்டிங் இருந்தால் அந்த ஜோடியின் பலம் 100 பார்தான். ஜீப், கார் வகைகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. கம்பெனி பொருத்திய அழுத்த ஹோஸ்களில் சில, பம்பின் துடிப்பை உள்வாங்கிக்கொள்ள வேண்டுமென்றே கொஞ்சம் உப்பும்படி செய்யப்பட்டவை. அதை எடுத்துவிட்டு விறைப்பான கம்பிவலை ஹோஸ் போட்டவர்கள், ஸ்டீயரிங்கை ஓரம்வரை திருப்பும்போது ஏதோ முனகுகிறது என்று வருவார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது இதுதான்: "ஹோஸ் போனா என்னண்ணே, கைபலத்துல திருப்பிக்கலாம்."

ஜீப்பிலும் பிக்அப்பிலும் இது ஓரளவு சரி. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரம்வரை இரும்புத் தண்டும் பல்சக்கரமும் இருக்கின்றன. எண்ணெய் உதவிக்கு மட்டும்தான். உதவி போனால் கை வலிக்கும், வண்டி திரும்பும். ஆனால் பவர் ஸ்டீயரிங் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் தண்டே கிடையாது. ஸ்டீயரிங் அடியில் ஆர்பிட்ரால் என்ற வால்வு, அதிலிருந்து நான்கு ஹோஸ்கள். பம்பிலிருந்து ஒன்று வருகிறது, தொட்டிக்கு ஒன்று திரும்புகிறது. மற்ற இரண்டும் முன்னச்சில் இருக்கும் சிலிண்டரின் இடமும் வலமும். உங்கள் கைக்கும் டயருக்கும் நடுவே எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை.

பம்பு ஹோஸ் வெடித்தால் ஆர்பிட்ராலே கைப்பம்பு மாதிரி வேலை செய்யும். கனமாக இருந்தாலும் ஓரம் கட்டலாம். சிலிண்டருக்குப் போகும் ஹோஸ் வெடித்தால் அந்த வாய்ப்பு இல்லை. நீங்கள் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் எண்ணெயைத் தரையில்தான் கொட்டும். ஸ்டீயரிங் லேசாகச் சுழலும். டயர் தன் இஷ்டத்துக்குப் போகும். பின்னால் டிரெய்லர் நிறைய மரவள்ளிக் கிழங்கு, முன்னால் கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும் சாலை. நம் ஓட்டுநர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தது அப்படிப்பட்ட சிலிண்டர் ஹோஸைத்தான்.

கடைக்காரர் இதைச் சொன்னபோது அவர் உடனே நம்பவில்லை. "ரெண்டு மாசமா இப்படித்தாண்ணே ஓட்டறேன்" என்றார். ஒழுகும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார் கடைக்காரர். இன்ஜினை ஓட விட்டு, ஹோஸ் நெடுக விரலால் தடவிப் பார்த்தாராம்.

கடைக்காரர் வெர்னியரைக் கீழே வைத்தார். ஊசித் துளை வழியாகப் பீச்சும் எண்ணெய், 7 பார் அளவிலேயே தோலைத் துளைத்து உள்ளே இறங்கக்கூடும். முதலில் எறும்பு கடித்த மாதிரி சிறு புள்ளிதான் தெரியும். வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து கழுவாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். ஒழுகலைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும், கையை அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனால் "எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வெளியே பார்த்தால் சாதாரணக் குத்துக் காயம் போலத்தான் தெரியும்.

ஓட்டுநர் தன் வலதுகை ஆட்காட்டி விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நிப்பிளையும் மாற்றிவிடச் சொன்னார்.