எழுதப்பட்ட ஆடுகளம்

நுழையும்முன்

அணியாக ஆடும் விளையாட்டுகள் களத்தில் மட்டுமன்றி நூல்களிலும் வாழ்கின்றன. எவ்வாறு ஆடவேண்டும் என்பதை உரைப்பது விதிநூல். யார் ஆடினர், யாருக்கு உரிய இடம் மறுக்கப்பட்டது என்பதை உரைப்பது வரலாற்று நூல். வலைப்பந்தாட்டத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இவ்விருவகை நூல்களும் விளையாட்டுக்கு ஆற்றிய பணியை இப்பாடம் விளக்குகிறது.

பாடலும் விதியும்

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என்னும் பகுதிகள் இடம்பெற்றுள்ளன. கந்துகம் என்பதன் பொருள் பந்து. மகளிர் பந்தாடிக்கொண்டே மன்னனை வாழ்த்தும் பாடல்களாகக் கந்துக வரி அமைந்துள்ளது. ஆட்டத்தின் விரைவையும் அணிகலன்களின் அசைவையும் அப்பாடல்களின் சந்தத்திலேயே உணரலாம். ஆனால், எத்தனை பேர் ஆடினர், எது பிழை, யார் வென்றவர் என்பனவற்றைச் சொல்வது பாடலின் நோக்கமன்று. அவ்வூர் மகளிர் அனைவரும் அவற்றை அறிந்திருப்பர்.

ஓர் ஊரார் தமக்குள் ஆடும்வரை விதியை எழுதிவைக்கத் தேவை எழுவதில்லை. வேற்றூர் அணி வந்து எதிரே நிற்கும்போதுதான் அத்தேவை எழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இந்நிலையே ஏற்பட்டது. அங்கு ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு கால்பந்து முறையை வைத்திருந்தது. ஒரு பள்ளியில் பந்தைக் கையால் ஏந்தி ஓடலாம். மற்றொரு பள்ளியில் அது பிழை. 1863ஆம் ஆண்டு இலண்டனில் பல கழகத்தார் கூடிக் கால்பந்துச் சங்கத்தை நிறுவி, 13 விதிகளை வகுத்தனர். எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதை அவ்விதிகள் தடைசெய்தன. அதை ஏற்காத சிலர் வெளியேறினர். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முறையை விரும்பியோர் 1871இல் ரக்பி ஒன்றியத்தை அமைத்தனர். எழுதப்பட்ட விதிகளைப் பற்றிய கருத்து வேறுபாடே ஒரு விளையாட்டை இரண்டாகப் பிரித்தது.

கூடையிலிருந்து வலைக்கு

வலைப்பந்தாட்டத்தின் மூலத்தைத் தேடினால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குச் செல்ல நேரும். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்கு ஏற்ற ஆட்டமொன்றை உருவாக்கும் பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரண்டு பழக்கூடைகளை மாடத்தின் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் பொருத்தினார். 13 விதிகளைத் தட்டச்சுச் செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கூடைப்பந்து இவ்வாறு பிறந்தது. முன்னரே ஆடப்பட்டு வந்த ஆட்டத்திற்குப் பின்னர் எழுதப்பட்ட விதிகள் அல்ல இவை. இங்கே விதி எழுதப்பட்ட பிறகே ஆட்டம் தொடங்கியது.

1892ஆம் ஆண்டு சனவரியில் அவ்விதிகள் அக்கல்லூரி இதழில் அச்சாயின. அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் செண்டா பெரன்சன் அக்கட்டுரையைப் படித்தார். தம் மாணவியருக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றியமைத்தார். களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவரவர் தத்தம் பகுதிக்குள்ளேயே ஆடவேண்டும் என்றார். பிறர் கையிலுள்ள பந்தைப் பறிப்பதையும், 3 வினாடிக்கு மேல் பந்தை வைத்திருப்பதையும் தடைசெய்தார். கடும் உடலுழைப்பு பெண்களுக்கு ஒவ்வாது என்று கருதப்பட்ட காலம் அது. அக்கருத்தின் தாக்கம் இவ்விதிகளில் இருந்தது உண்மையே. எனினும், பெண்கள் அணியாகக் கூடி ஆடுவதற்கு ஒரு வாயிலை இவ்விதிகளே திறந்துவிட்டன.

இதே ஆட்டம் கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்தது. சுவீடன் நாட்டிலிருந்து வந்த மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் அம்மையார், பெண்களை உடற்கல்வி ஆசிரியர்களாகப் பயிற்றுவிக்கும் கல்லூரியொன்றை அங்கு நடத்திவந்தார். கூடையின் இடத்தில் வளையமும் வலையும் வந்தன. அக்காலத்து நீண்ட பாவாடைகளை அணிந்துகொண்டு பந்தைத் தட்டியவாறு ஓடுவது அரிதாக இருந்தமையால், பந்தை எறிவதும் பற்றுவதுமே ஆட்டத்தின் உயிராயின. அக்கல்லூரியில் பயின்றவர்கள் தொடங்கிய லிங் சங்கம் 1901ஆம் ஆண்டு வலைப்பந்தாட்ட விதிகளை முதன்முதலாக வெளியிட்டது. பயிற்சி முடித்த ஆசிரியைகள் அவ்விதிநூலுடன் பள்ளிதோறும் சென்றனர். பிரித்தானிய ஆட்சி பரவியிருந்த நாடுகளுக்கும் சென்றனர். ஆட்டமும் அவர்களுடன் பயணம் செய்தது.

தெரியுமா?

நெய்ஸ்மித் தட்டச்சுச் செய்த 13 விதிகள் அடங்கிய இரு தாள்கள் 2010ஆம் ஆண்டு டிசம்பரில் 40 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு ஏலம் போயின. வகுப்பறைத் தேவைக்காக எழுதப்பட்ட அத்தாள்கள் இன்று பாதுகாக்கப்படும் வரலாற்று ஆவணமாகிவிட்டன.

தனியொருவர் வெல்ல இயலாத ஆட்டம்

இன்றைய வலைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு எழுவர் ஆடுகின்றனர். களத்தின் நீளம் 30.5 மீட்டர், அகலம் 15.25 மீட்டர். அது நீளவாக்கில் மூன்று சம பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரு முனைகளிலும் 3.05 மீட்டர் உயரத்தில் வளையம் பொருத்தப்பட்ட கம்பம் நிற்கும். கூடைப்பந்தில் உள்ளதுபோல் பந்து பட்டுத் திரும்பும் பலகை இங்கு இல்லை. ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறும்.

பந்தைப் பெற்றவர் அதை ஏந்திக்கொண்டு ஓடக்கூடாது. 3 வினாடிக்குள் அடுத்தவருக்கு எறிய வேண்டும். தடுப்பவர், பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றே தடுக்க வேண்டும். களத்தின் ஒரு முழுப்பகுதியைத் தாண்டும்படி பந்தை எறிதல் கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் யாரேனும் அதைத் தொட்டாக வேண்டும். எழுவருக்கும் தனித்தனி இடம் வரையறுக்கப்பட்டுள்ளது. அவரவர் இடத்தைக் குறிக்கும் எழுத்துகள் மேலாடையின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். வளையத்தை ஒட்டிய அரைவட்டத்திற்குள் நின்று கோல் எறியும் உரிமை இருவருக்கு மட்டுமே உண்டு. நடுக்கள ஆட்டக்காரர் மூன்று பகுதிகளிலும் ஓடலாம். ஆயினும் அரைவட்டத்திற்குள் நுழைய இயலாது.

இவ்விதிகளை ஒருசேர நோக்கினால் அவற்றின் உட்பொருள் விளங்கும். தம் பக்கத்து வளையத்தைக் காப்பவர் எவ்வளவு திறமையுடன் பந்தைக் கைப்பற்றினாலும், தாமே எதிர்முனைக்குச் சென்று கோல் இட இயலாது. கோல் எறிபவர் எவ்வளவு குறிதவறாதவராயினும், தம் பின்புறக் களத்திற்குச் சென்று பந்தைக் கொண்டுவர இயலாது. ஒருவர் பெற்றதை மற்றவருக்குக் கொடுத்தே தீரவேண்டும். கால்பந்திலும் கூடைப்பந்திலும் திறன்மிக்க ஒருவர் பலரைக் கடந்து தனியே சென்று கோல் இட முடியும். வலைப்பந்தாட்டம் அவ்வாய்ப்பை விதியாலேயே அடைத்துவிட்டது. பெண்களைக் கட்டுப்படுத்தும் எண்ணமும் கலந்து எழுதப்பட்ட ஒரு விதி, பெண்கள் ஆடி ஆடி வளர்த்ததனால் ஒத்துழைப்பின் இலக்கணமாக மாறியது.

கொழும்பில் ஒன்றான விதி

ஆட்டம் பரவிய நாடுகளில் விதிகள் வேறுபட்டன. ஆஸ்திரேலியாவில் ஓர் அணிக்கு எழுவர்; நியூசிலாந்தில் ஒன்பதின்மர். 1938ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் இவ்விரு நாடுகளும் முதன்முறையாக மோதின. ஆஸ்திரேலிய முறைப்படி எழுவர் ஆட்டமாக நடந்த அப்போட்டியில் ஆஸ்திரேலியா 40-11 என்ற கணக்கில் வென்றது. ஒன்பதின்மராக ஆடிப் பழகிய அணி எழுவராக ஆட நேர்ந்தது என்பதை நினைவிற்கொண்டே அக்கணக்கை அளவிட வேண்டும்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இலங்கையில் கூடினர். கொழும்பில் நடந்த அச்சந்திப்பில் அனைத்து நாடுகளுக்கும் பொதுவான விதிகளும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் உருப்பெற்றன. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 11 அணிகள் பங்கேற்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மீண்டும் எதிரெதிரே நின்றன. இம்முறை முடிவு 37-36. விதி பொதுவானபோது வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே ஒரே கோல்தான் எஞ்சியது.

பொதுவிதிக்கு ஒரு விலையும் உண்டு. நியூசிலாந்து தன் ஒன்பதின்மர் ஆட்டத்தைக் கைவிட்டது. நம் நாட்டுச் சடுகுடுவின் வரலாறும் இத்தகையதே. ஊருக்கொரு பெயரும் வட்டாரத்திற்கொரு முறையுமாக ஆடப்பட்டது அது. கபடி என்னும் பொதுப்பெயரும் எழுவர் அணி என்னும் பொதுவிதியும் பெற்ற பின்னரே 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று. உலகக் களத்தில் இடம் கிடைத்தது. ஊர்முறைகள் பல நினைவில் மட்டும் நின்றன. அவ்வூர்முறைகளையும் எழுதிவைப்பது நூல்களின் கடமையாகும்.

விதிநூல் சொல்லாதவை

விதிநூலின் கண்ணில் ஆடுவோர் அனைவரும் சமம். களத்திற்கு வெளியே உள்ள சமூகம் அச்சமத்துவத்தை ஏற்றதா என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புவன வரலாற்று நூல்களும் தன்வரலாற்று நூல்களுமே.

டிரினிடாட் தீவில் பிறந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963ஆம் ஆண்டு 'பியாண்ட் எ பவுண்டரி' என்னும் நூலை வெளியிட்டார். எல்லைக்கோட்டுக்கு அப்பால் என்பது அப்பெயரின் பொருள். அவரது இளமைக்காலத்தில் அத்தீவின் கிரிக்கெட் கழகங்கள் தோலின் நிறத்தாலும் வகுப்பாலும் பிரிந்து கிடந்தன. கறுப்பின எளிய மக்களின் கழகத்தில் சேராமல், நிறம் சற்று வெளிறிய நடுத்தர வகுப்பினரின் கழகத்தில் தாம் சேர்ந்ததை அவர் மறைக்காமல் எழுதினார். அம்முடிவு தம் வளர்ச்சியைத் தாமதப்படுத்தியது என்றும் ஒப்புக்கொண்டார். மேற்கிந்தியத் தீவுகளின் அணிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் ஒரு தொடர் முழுவதும் தலைமை ஏற்கவேண்டும் என இதழில் எழுதிப் போராடியவரும் அவரே. 1960இல் தொடங்கிய ஆஸ்திரேலியப் பயணத்தில் பிராங்க் வோரல் அத்தலைமையைப் பெற்றார்.

இந்தியச் சூழலில் இத்தகைய பணியைச் செய்தது இராமச்சந்திர குகா எழுதி 2002இல் வெளிவந்த 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்டு'. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலூ, புனேயில் ஐரோப்பியர் கழகமொன்றின் மைதானப் பணியாளராக இருந்து, மட்டையாளர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்துவீசித் தம் கலையை வளர்த்துக்கொண்டவர். களத்தில் அவர் வீசிய பந்தை உடன் ஆடியோர் தொட்டனர். இடைவேளையிலோ அவருக்குத் தேநீர் தனியே, வெளியே, மண்குவளையில் வழங்கப்பட்டது. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் அணித்தலைமை அவருக்குக் கிட்டவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல் அத்தலைமையைப் பெற்றார். ஆட்டக்கணக்கில் 114 என்னும் எண் மட்டுமே எஞ்சும். மண்குவளையை நினைவில் வைத்திருப்பது வரலாற்று நூல்.

எழுதப்பட வேண்டிய பக்கங்கள்

கிரிக்கெட், கால்பந்து ஆகியவற்றைப் பற்றி எழுந்த நூல்களின் அளவுக்கு வலைப்பந்தாட்டத்தைப் பற்றிய நூல்கள் பெருகவில்லை. பெண்கள் உருவாக்கி, பெண்கள் பரப்பி, பெண்களே ஒரே விதியின்கீழ் உலகை இணைத்த விளையாட்டு அது. விதிநூலை நிறைவாகப் பெற்ற அவ்வாட்டம், வரலாற்று நூலை இன்னும் நிறைவாகப் பெறவில்லை.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணியின் கோல் எறிபவராகப் பல்லாண்டுகள் ஆடியவர். 2 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் உடையவர். 2018ஆம் ஆண்டு இலங்கை ஆசிய வாகை சூடியபோது அவ்வணியில் ஆடினார். 2019ஆம் ஆண்டு லிவர்பூல் உலகக் கோப்பையில் அனைத்து நாட்டு வீராங்கனையருள்ளும் மிகுதியான கோல்களை இட்டவர் அவரே. போரின் வடுக்களைச் சுமந்த நிலத்திலிருந்து சென்ற ஒரு தமிழ்ப்பெண், பல மொழியினர் அடங்கிய அணியில் நின்று பெற்ற பெருமை இது.

ஆட்டக்கணக்கு அக்கோல்களை அவர் பெயரில் எழுதும். விதிநூலோ அப்பந்து மற்றவர் கைகளைக் கடந்தே அவரிடம் வந்தது என்பதை நினைவூட்டும். அக்கைகள் யாருடையவை, அவர்கள் எந்த ஊர்களிலிருந்து எத்தகைய தடைகளைக் கடந்து வந்தனர் என்பதை எடுத்துரைக்கும் நூலே அணி விளையாட்டின் முழுமையான நூலாகும். அத்தகைய நூல்களை எழுதும் கடமை, இன்று களத்தில் ஆடும் தலைமுறைக்கு உரியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்னர் ஆடப்பட்ட குழு விளையாட்டு ஒன்றின் விதிகளைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவ்வாட்டத்தை அறியாத ஒருவரும் ஆடும் வகையில் எழுதுக.

2. 'பொதுவிதி விளையாட்டை வளர்க்கிறது. வட்டார முறைகளை மறையச் செய்கிறது' – இக்கருத்தின் இரு பக்கங்களையும் வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் பள்ளி அணியில் கோல் இடாத, ஓட்டம் எடுக்காத ஒருவரின் பங்களிப்பை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.