மேலாண்மைக் கல்லூரியில் தகவல் அமைப்பு ஆய்வு: சேரும் முன்

கணினி படித்தவர்கள் பலர் ஐஐஎம்-மில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, “புதிய மென்பொருள் உருவாக்குவேன்” என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே எதிர்பார்ப்பது வேறு. தொழில்நுட்பம் நுழைந்தபின் மனிதர்களும் நிறுவனங்களும் எப்படி மாறுகிறார்கள் என்பதை ஆராய்வதுதான் தகவல் அமைப்புத் துறை. மளிகைக் கடை வாசலில் க்யூஆர் அட்டை தொங்கும்; கடன் கணக்கு மட்டும் இன்னும் நீள நோட்டில்தான் இருக்கும். ஏன்? ஆய்வு முன்மொழிவை இப்படியொரு கேள்வியில் தொடங்குங்கள்.

நேர்காணலுக்கு முன் ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் ‘எம்ஐஎஸ் குவார்ட்டர்லி’ இதழில் எழுதிய கட்டுரையை அவசியம் படியுங்கள். பயனுள்ளது, எளிதானது என்று ஒருவருக்குத் தோன்றுவதே புதிய கணினி முறையை அவர் ஏற்பதைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். இன்றும் அதை ஒட்டியும் வெட்டியும் ஆய்வுகள் வருகின்றன.

கேட், ஜிமேட் போன்ற எந்தத் தேர்வு மதிப்பெண் செல்லும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

கல்லூரியின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். அவருடைய அண்மைக் கட்டுரைகளில் மாணவர்களின் பெயரும் இருக்கிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் ஒருவரிடம் பேசுங்கள். ஆய்வுக்குத் தேவைப்படும் புள்ளியியலைத் தூசி தட்டும் வேலையை இன்றே தொடங்கலாம்.