கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுக் கேள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பட்டறை போட்ட சூட்டோடு ஸ்கேனரும் வாங்கிவிட்டாயாம். சந்தோஷம். கூடவே, யாரோ கேட்டார் என்று ஒரு காரின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்தெடுத்து, வெறும் குழாயை வைத்து வெல்டிங் அடித்தாயாமே?

"அடைச்சுக்கிச்சு, இழுவை இல்ல, மைலேஜ் இல்ல" என்றிருப்பார். அடைத்ததும் உண்மையாகவே இருக்கும். ஏன் அடைத்தது என்று பார்த்தாயா? உள்ளே இருக்கும் செராமிக் தேன்கூடு சும்மா உருகாது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் உருகும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். மைலேஜ் விழுந்த ஒரு கார். ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் கோடு. சென்சாரை மாற்றினேன், பத்தே நாளில் திரும்பி வந்தது. மறுபடி மாற்றினேன், இந்தமுறை கைக்காசு. மூன்றாவது தடவை வண்டியை ராத்திரி பட்டறையிலேயே போட்டுவைத்து, காலையில் நானே ஸ்டார்ட் செய்தேன். டிக், டிக் என்று மெலிசாக ஒரு சத்தம். சூடேற ஏற அடங்கிவிட்டது. குனிந்து டார்ச் அடித்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கரி. சத்தம்தான் அடங்கியதே தவிர ஓட்டை முழுசாக அடைபடவில்லை. அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போக, சென்சார் ஆக்சிஜன் அதிகம் என்றது. இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனது. பாவம், சென்சார் கண்டதைத்தான் சொன்னது.

எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. அதை ஒட்டி ஓடினால்தான் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் கன்வெர்ட்டர் ஒருசேர அடக்கும். பெட்ரோல் கூடி ரிச்சானால் முதல் இரண்டும் தப்பும், குறைந்து லீனானால் மூன்றாவது. ரிச்சாக ஓடுகிற வண்டியில் மைலேஜும் புகையும் ஒரே வழக்குதான். நீ அறுத்ததில் இழுவை வந்திருக்கும். வீணாகும் பெட்ரோல் வீணாகிக்கொண்டேதான் இருக்கும்.

டீசல் வண்டியில் இஜிஆரை அடைக்கச் சொல்பவர்களுக்கும் தலையாட்டாதே. எரியும் சூட்டைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத்தான் அது இருக்கிறது. வால்வில் கரி ஏறியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய், கூலி வாங்கு.

நீ கன்வெர்ட்டரை அறுத்த அந்தக் கார் திரும்ப வரும். வந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடு. மறுநாள் காலை கம்ப்ரஸர், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்து, பையனை டீ வாங்க அனுப்பு, அப்புறம் ஸ்டார்ட் செய்.

அன்புடன்,
உன் அண்ணன்