தாமதக் கட்டணம்: உரிமையாகக் கேட்பதும் சலுகையாகக் கேட்பதும்

கடன் என்றதும் எமது கமக்காரக் குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது அடகு வைத்த நகையும் போகத்துக்குப் பெற்ற பயிர்ச்செய்கைக் கடனும்தான். ஆனால் இன்று மாதச் சம்பளம் பெறும் ஒரு மகனோ மகளோ இருக்கும் வீட்டில் கடனட்டையும் புகுந்துவிட்டது. நீர் இறைக்கும் இயந்திரம், வைத்தியச் செலவு, பிள்ளையின் படிப்பு என்று அவசரத்துக்கு அது கைகொடுக்கிறது. கட்டவேண்டிய நாள் தவறினால் அதுவே சுமையாகிறது. அப்படிச் சுமத்தப்பட்ட தாமதக் கட்டணத்தை வங்கியிடம் எவ்வாறு எடுத்துக் கேட்பது என்பதே இப்பாடம்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

இடம்பெயர்ந்து உறவினர் காணியில் மிளகாய்த் தோட்டம் செய்யும் ஒரு குடும்பம் எம்மிடம் வந்தது. மூத்த மகன் எழுதுவினைஞர். 14 வருடங்களாக ஒரே வங்கியில்தான் அவரது சம்பளக் கணக்கு. கடனட்டையால் 60,000 ரூபாவுக்கு நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். இடம்பெயர்ந்தவுடன் கிளைக்குச் சென்று புதிய விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தார். சேமிப்புக் கணக்கில் அது மாற்றப்பட்டது, கடனட்டையில் மாற்றப்படவில்லை. முதல் மாதக் கணக்குக்கூற்று ஆளில்லாத பழைய வீட்டுக்குப் போயிற்று. 1,500 ரூபா தாமதக் கட்டணம் விழுந்தது. இரண்டாம் மாதம் விடயம் தெரியவந்தும், மிளகாய் விற்றதும் கட்டலாம் என்று இருந்துவிட்டார். இன்னும் 1,500 ரூபா.

"பதினாலு வருசமா இவையளிட்டத்தானே காசு போடுறன். எனக்கே இப்பிடியா?" என்று அவர் பொருமினார். கோபம் நியாயமானதே. ஆனால் கோபத்தோடு போனவர் வெறுங்கையோடு திரும்பினார்.

கட்டணம் எப்படி விழுகிறது?

கணக்குக்கூற்றில் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்: மொத்தத் தொகை, ஆகக் குறைந்த தொகை, கட்டவேண்டிய இறுதி நாள். மொத்தத்தையும் உரிய நாளுக்குள் கட்டினால் வாங்கிய பொருளுக்கு வட்டி இல்லை. ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வட்டி ஓடும். அதையும் கட்டாவிட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்தே வரும். அட்டையால் காசாக எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி தொடங்கும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். நிலுவை 60,000 ரூபா, வட்டி ஆண்டுக்கு 28 வீதம், ஆகக் குறைந்த தொகை 5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி ஏறத்தாழ 1,400 ரூபா. நாம் 3,000 ரூபா கட்டினால் கடனில் 1,600 ரூபா குறையும். தாமதக் கட்டணம் 1,500 ரூபாவும் சேர்ந்தால் குறைவது வெறும் 100 ரூபாதான்! ஒரு மாத உழைப்பு கட்டணத்துக்கே போய்விடுகிறது.

இன்னொரு பாதிப்பும் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தில் எமது கடன்களின் விபரம் பதிவாகிறது. ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகும், தவணை தவறியதும் பதிவாகும். நாளை உழவு இயந்திரத்துக்குக் கடன் கேட்கும்போது வங்கி அதைப் பார்த்தே தீர்மானிக்கும். எனவே 1,500 ரூபாதானே என்று விட்டுவிட முடியாது.

இரண்டு விதமான கேள்வி

அந்த இளைஞரோடு அமர்ந்து பேசியபோது, இரண்டு கட்டணங்களும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று.

முதலாவதில் பிழை வங்கியுடையது. விலாசம் மாற்றக் கொடுத்த கடிதத்தின் பிரதி, வங்கி முத்திரையுடன் அவரிடம் இருந்தது. இங்கே கேட்பது உரிமை. மன்றாட வேண்டியதில்லை.

இரண்டாவதில் பிழை அவருடையது. இங்கே கேட்பது சலுகை. நீண்டகால வாடிக்கையாளர் என்ற பெயர் உதவுவது இந்த இடத்தில்தான். 14 வருடக் கணக்கு, முன்பு ஒருமுறையும் தவறாத தவணை, இப்போது நிலுவையைக் கட்டிய பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் காட்டி, "இம்முறை மட்டும் நீக்கித் தாருங்கள்" என்று கேட்கலாம். வங்கி மறுக்கவும் கூடும். ஆனால் நல்ல வாடிக்கையாளரை இழக்க எந்த முகாமையாளரும் விரும்புவதில்லை.

இரண்டையும் கலந்து, தன் தவறையும் வங்கியின் தலையில் போட்டால் உண்மையான முறைப்பாடும் வலுவிழந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. கட்டணம் தவறென்று நினைத்தாலும், தர்க்கம் இல்லாத தொகையை உடனே கட்டுங்கள். தர்க்கம் 1,500 ரூபாவுக்குத்தான். மீதிக் கடனுக்கு அல்ல. கட்டாமல் நின்றால் அடுத்த மாதமும் கட்டணம் விழும்.

2. கிளைக்குச் சென்றோ தொலைபேசியிலோ முறையிடுங்கள். திகதி, பேசியவரின் பெயர், முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பின்னர் எழுத்தில் கொடுங்கள். எந்த மாதம், எவ்வளவு, ஏன் தவறு, என்ன வேண்டும் என்ற நான்கும் ஒரு பக்கத்தில் அடங்கட்டும். தமிழிலேயே எழுதலாம். பிரதியில் முத்திரை வாங்குங்கள். அட்டையின் இறுதி நான்கு இலக்கங்கள் போதும். இரகசிய இலக்கத்தையோ குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தையோ எவருக்கும் சொல்லவோ எழுதவோ வேண்டாம்.

4. கிளையில் தீராவிட்டால் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். முறைப்பாட்டைக் கேட்டுத் தீர்ப்பது வங்கியின் கடமை. 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் சாசனமும், 2023இல் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் இதை வலியுறுத்துகின்றன.

5. அதன் பிறகும் தீர்வில்லையெனில், 2003இல் தொடங்கப்பட்ட திட்டத்தின் கீழ் இயங்கும் நிதித்துறை ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அல்லது மத்திய வங்கியில் 2020இல் அமைக்கப்பட்ட நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1935. இரு இடத்திலும், "முதலில் வங்கியிடம் முறையிட்டீர்களா?" என்றே கேட்பார்கள். முத்திரையிட்ட பிரதி அப்போது பேசும்.

முடிவு என்னவாயிற்று?

இளைஞர் ஒரே கடிதத்தில் இரண்டு பந்திகள் எழுதினார். ஒன்றில் உரிமை, மற்றதில் வேண்டுகோள். மூன்று வாரத்தில் முதல் கட்டணம் திரும்ப வரவு வைக்கப்பட்டது. இரண்டாவதும் "ஒருமுறை மட்டும்" என்ற குறிப்போடு நீக்கப்பட்டது. வட்டியை வங்கி விடவில்லை; பணத்தைப் பாவித்ததற்கு அது உரியது என்று அவரும் ஏற்றுக்கொண்டார். இப்போது மாதந்தோறும் சம்பளக் கணக்கிலிருந்தே தொகை கழிபடும்படி கட்டளை கொடுத்திருக்கிறார்.

இடம்பெயர்ந்தபோது உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மடியில் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் நாம். வங்கிக் கடிதங்களையும் அந்தக் கட்டோடு சேர்த்து வைப்போம். விலாசம் மாறும் ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே அறிவிப்போம்.

குழுவில் கலந்துரையாட

1. எமது வீட்டில் யார் யார் பெயரில் என்னென்ன கடன்கள் உள்ளன? அவற்றின் கடிதங்கள் எந்த விலாசத்துக்கு வருகின்றன?

2. நாம் கடைசியாகக் கட்டிய தாமதக் கட்டணம் எது? பிழை யாருடையது?

3. கடிதம் எழுதத் தெரியாத அயலவருக்கு எமது சங்கத்தில் யார் எழுதிக்கொடுக்கலாம்?